உஷார்! முகாமில் கை நீட்டும் முன், கையெழுத்துப் போடும் முன்...

குண்டடம் வட்டாரத்தில் விடியுமுன் கம்பெனி வண்டி ஏறும் அக்கா தங்கைகளே, மில் விடுதியில் தங்கி ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளே, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து இங்கே வாடகை அறையில் குடியிருக்கும் குடும்பங்களே, இது உங்களுக்கான எச்சரிக்கை. பக்கத்தில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

'இலவச மருத்துவ முகாம்' என்று பேனர் கட்டிய இடத்தில் நடப்பதெல்லாம் வைத்தியம் அல்ல. சில முகாம்கள் உங்கள் உடம்பைப் பார்க்க வருகின்றன. சில, உங்கள் ரத்தத்தையும் விவரங்களையும் வைத்து ஆராய்ச்சி செய்ய வருகின்றன. சில, மருந்தையோ காப்பீட்டையோ விற்க வருகின்றன. வெளியே நின்று பார்த்தால் எல்லாவற்றிலும் அதே வெள்ளைக் கோட்டு, அதே ஊசி, அதே படிவம். எது எது என்று கேட்டால்தான் தெரியும். நம்மில் பெரும்பாலானோர் கேட்பதில்லை. "சூப்பர்வைசர் போகச் சொன்னார், போனோம்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

குண்டடம் சந்தையில் ஒரு ஆடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்காமல், வயதைக் கேட்காமல், விலை பேசாமல் யாராவது கயிற்றைக் கையில் வாங்குவோமா? சொந்த ரத்தத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

வீண் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். இதெல்லாம் நடந்திருக்கிறது.

வார்டன் போட்ட கையெழுத்து

2009ஆம் ஆண்டு. அன்று ஆந்திரத்திலும் இன்று தெலங்கானாவிலும் உள்ள கம்மம் மாவட்டம். 10 முதல் 14 வயதுவரை உள்ள சுமார் 14,000 சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. குஜராத்தின் வடோதராவில் மேலும் சுமார் 10,000 சிறுமிகள். 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் மாநில அரசுகளையும் சேர்த்துக்கொண்டு நடத்திய ஆய்வு அது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பலர் பழங்குடிச் சிறுமிகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் எங்கோ காட்டு வேலையில், கூலி வேலையில்.

ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு சிறுமிகள் வெவ்வேறு நாட்களில் இறந்த செய்தி வெளியானதும் கொந்தளிப்பு எழுந்தது. 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் அந்த விசாரணை வேறொன்றை வெளியே கொண்டுவந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 படிவங்களில் இருந்தது கைநாட்டு. 2,763 படிவங்களில் இருந்தது விடுதி வார்டனின் கையெழுத்து. பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியாமலே பிள்ளையின் உடம்புக்கு இன்னொருவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் தந்த 72ஆவது அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

கம்மம் எங்கோ இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. நம் பகுதி நூற்பாலைகளிலும் விடுதி உண்டு, வார்டன் உண்டு. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்கள் ரிங் பிரேமில் நின்றுவிட்டு அதே வளாகத்துக்குள் படுத்து எழுகிறார்கள். பெற்றோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பிள்ளைகளை மில்லுக்குள் வைத்திருந்த காலத்தை இந்த ஊர் பார்த்திருக்கிறது. கம்மத்தில் நடந்தது இங்கே நடக்க ஒரு வார்டனும் ஒரு பேனாவும் போதும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தடுப்பூசி குற்றவாளி அல்ல. எச்.பி.வி. தடுப்பூசி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிறது என்பது உலகம் முழுக்க உறுதியான விஷயம். தமிழக அரசும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அதைப் போடுவதற்காக 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் மகளின் முறை வரும்போது சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்து தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கம்மத்தில் நடந்த தவறு, மக்களைக் கேட்காமல் நடத்தியது. அந்த ஒரு தவறு நல்ல தடுப்பூசியின் மேலேயே பல ஆண்டுகளுக்கு அச்சத்தை விதைத்துவிட்டது.

வாசலுக்கு வந்த சப்பாத்தி

வெள்ளைக்காரர் நாட்டிலும் இதே கதைதான். 1969இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தெற்காசியப் பெண்கள் 21 பேரின் வீட்டு வாசலுக்குத் தினமும் சப்பாத்தி வந்தது. அந்த மாவில் கதிரியக்க இரும்பு கலந்திருந்தது. ரத்தசோகை பற்றிய ஆய்வு அது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பணம் கொடுத்திருந்தது. அந்தப் பெண்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. தாங்கள் ஆராய்ச்சியில் இருக்கிறோம் என்பதே பலருக்குப் புரிந்திருக்கவில்லை. 1995இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் சொன்ன பிறகுதான் விஷயம் ஊரறிந்தது. உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போன, மொழி தெரியாத ஊரில் பிழைக்க வந்த பெண்கள் அவர்கள். இன்று நம் பனியன் கம்பெனிகளில் செக்கிங்கிலும் கைமடியிலும் நிற்கும் ஒடியாப் பெண்ணின் நிலையும் அதுதான். தமிழில் அச்சடித்த படிவத்தில் அவள் போடும் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

அமெரிக்காவில் இதைவிடக் கொடுமை. அலபாமாவின் டஸ்கீகியில் 1932இல் தொடங்கி 1972வரை நாற்பது ஆண்டுகள், மேகப்புண் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை வைத்தியம் செய்யாமலே வைத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் கவனித்தார்கள். நோயைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 'கெட்ட ரத்தத்துக்கு இலவச வைத்தியம்' என்று சொல்லித்தான் அவர்களை அழைத்தார்கள். 1997இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். பெரும்பாலோர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள்.

நம் தொழிலிலேயே ஒன்று. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்றால் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மறுபடி மெஷினுக்கு அனுப்பியதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். பாதிப்பேருக்கு மேல் தங்கள் உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். இது ஆராய்ச்சி அல்ல. ஆனால் வேர் ஒன்றுதான்: கீழே இருப்பவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை என்ற எண்ணம்.

அதற்காக ஓடி ஒளியாதீர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு 'இனி எந்த முகாமுக்கும் போகவே மாட்டோம்' என்று முடிவெடுத்தால் அது இன்னொரு ஆபத்து. ஆராய்ச்சியில் நாம் இல்லாவிட்டால் மருந்தும் கருவியும் வேறொருவர் உடம்புக்கு அளவெடுத்துத்தான் வரும்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிமீட்டர். 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டிய சம்பவங்கள், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தோல் நிறம் கருவியை ஏமாற்றியிருக்கிறது. கறுத்த தோல் உடையவர்களைப் போதிய அளவு சேர்த்துச் சோதித்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். நம் தோல் எந்த நிறம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேர்ந்தபோது கிடைத்த பலனும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆபரேஷனின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்து சில நிமிடத்தில் உடம்பில் கரைந்துவிட வேண்டும். வைசிய சமூகத்தில் சிலருக்கு அதைக் கரைக்கும் நொதி குறைவு. மருந்து இறங்காமல் மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மக்களின் ரத்தத்தைச் சோதித்து, காரணமான மரபணு மாற்றத்தை 2006இல் வெளியிட்டார்கள். இன்று அந்தச் சமூகத்தவர் ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் உயிர் தப்பும்.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் கொண்டே ஒரு கேள்விக்கு விடை தேடியது. சானடோரியத்தில் சேர்த்துத்தான் காசநோயைக் குணமாக்க முடியுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டு வைத்தியமும் அதே அளவு பலன் தந்தது, நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் மாறியது 1959இல் வெளியான அந்த முடிவுகளால்தான். அதைச் சாத்தியமாக்கியவர்கள் மெட்ராஸின் ஏழைகள்.

மில் தொழிலாளிக்கு இன்னொரு செய்தி. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் முதல் அடையாளம், வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அதைத் தங்கள் வாயால் சொன்னார்கள். 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் அந்தப் பேச்சைக் கேட்டு, அதை வைத்தே நோயின் நிலைகளை வகுத்தார். நம் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் நிற்பவர்களுக்கு லீவு முடிந்த முதல் நாள் நெஞ்சு பிடித்தால் அதைச் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

ஆகவே ஆராய்ச்சி வேண்டும். அதில் நாமும் இருக்க வேண்டும். ஆனால் தெரிந்து, கேட்டு, சம்மதித்து இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

1. "ஏனுங்க, இது வைத்தியமா, ஆராய்ச்சியா?" இதுதான் முதல் கேள்வி. மழுப்பலாகப் பதில் வந்தால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

2. "யார் நடத்தறீங்க, யார் பணம் தர்றாங்க?" கல்லூரியா, அரசா, மருந்துக் கம்பெனியா, தொண்டு நிறுவனமா என்று பெயரோடு சொல்ல வேண்டும்.

3. "நெறிமுறைக் குழு அனுமதி இருக்குதுங்களா?" மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சியை ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். புது மருந்துச் சோதனைக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாமானியர் அதில் கட்டாயம். குழுவின் தொடர்பு எண் உங்களுக்குத் தரும் தகவல் தாளில் இருக்க வேண்டும்.

4. "பதிவு எண் என்னங்க?" மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் செல்போனில் தேடித் தந்துவிடும்.

5. "என் மொழியில் சொல்லுங்க." எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். கம்பெனி ஆளோ வார்டனோ சாட்சியாக நிற்க முன்வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியவரைக் கூப்பிடுங்கள்.

6. "ரத்தத்தை என்ன பண்ணுவீங்க? எவ்வளவு நாள் வைப்பீங்க? வேற ஆய்வுக்குக் கொடுப்பீங்களா? ரிசல்ட் எனக்கு வருமா?"

7. "ஏதாச்சும் ஆனா யார் பார்ப்பாங்க?" புது மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உங்கள் உரிமை.

8. "எனக்கு ஒரு காப்பி குடுங்க." தகவல் தாளும் கையெழுத்திட்ட படிவமும் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் சம்மதம் இல்லை.

சிவப்பு விளக்கு எரியும் இடங்கள்

கையெழுத்துக்கு அவசரப்படுத்துவது. 'எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும் ஏன்?' என்பது. வராவிட்டால் ஷிப்ட் கிடையாது, இன்சென்டிவ் கிடையாது என்று மிரட்டுவது. போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் தருவது நியாயம்தான், ஆனால் ஆசை காட்டும் அளவுக்குப் பெருந்தொகை பேசுவது. பங்கேற்க உங்களிடமே பணம் கேட்பது. பெயர் ஒட்டாத மாத்திரை தருவது. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் தேவைக்கு மேல் துருவுவது. இவற்றில் ஒன்று நடந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றை மனதில் ஆழமாகப் பதியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, முதலாளியோ ஊர்ப் பெரியவரோ அனுமதி கொடுத்தாலும் அது உங்கள் சம்மதத்துக்கு ஈடாகாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், அந்தப் பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். சேர்ந்த பிறகும் எந்த நிமிடமும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினதற்காக வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

குழப்பம் வேண்டாம்: வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள், ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மா, தடுப்பூசி நாள் இதெல்லாம் அரசின் மருத்துவச் சேவை. அதைத் தவிர்க்காதீர்கள்.

சந்தேகமோ பாதிப்போ இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண், பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. திங்கள்தோறும் திருப்பூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்ப்பு நாள் நடக்கிறது. மனுவாக எழுதிக் கொடுங்கள்.

ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும்

எங்கள் ஊருக்கு வாருங்கள், வரவேற்கிறோம். ஆனால் திட்டத்தைத் தீட்டி, கேள்விகளை அச்சடித்து, கடைசியில் ரத்தம் எடுக்க மட்டும் எங்களிடம் வராதீர்கள். எதை ஆராய வேண்டும் என்று முடிவெடுக்கும்போதே ஒரு டெய்லரம்மாவை, ஒரு சைடர் பெண்ணை, அருந்ததியர் குடியிருப்பிலிருந்து ஒருவரை, ஒரு ஒடியாத் தொழிலாளியை உட்கார வைத்துக் கேளுங்கள். ஊர்க்கூட்டத்தில் முன் வரிசையில் இருப்பவர் தலையாட்டினால் ஊரே சம்மதித்ததாகக் கணக்கெடுக்காதீர்கள். பின்னால் நிற்பவர்களுக்குத்தான் நோய் அதிகம், பேசும் வாய்ப்பு குறைவு.

நோட்டீஸ் அடிக்குமுன் அதை நாலு தொழிலாளர்களிடம் வாசிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று திருப்பிக் கேளுங்கள். தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் போடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். விளக்கமும் சம்மதமும் சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், வேலை நேரத்துக்குள், சம்பளம் பிடிக்காமல் நடக்கட்டும். முடிவு வந்ததும் முதலில் இந்த ஊருக்கு வந்து சொல்லுங்கள். பத்திரிகையில் வெளியிட்டுவிட்டுப் போனால் ரத்தம் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? நோய் கண்டால் வைத்தியத்துக்கு வழிகாட்டாத ஆய்வை எந்த முதலாளியும் தன் கேட்டுக்குள் விடக் கூடாது.

குண்டடம் மக்களே, அடுத்த முகாம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். கம்பெனி வண்டியில் வாசித்துக் காட்டுங்கள். பக்கத்து அறையில் இருக்கும் ஒடியாக் குடும்பத்துக்கு அவர்கள் பாஷை தெரிந்தவரைக் கொண்டு சொல்லுங்கள். வைத்தியமா ஆராய்ச்சியா என்ற கேள்விக்கு நேரான பதில் வரும்வரை பேனாவைக் கையில் எடுக்காதீர்கள்.